துண்டுக்குள் வாங்கிய மில்லிங் மிஷின்

ஆவணி 16, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சந்தை கலைந்ததும் மாடுகள் ஆளுக்கொரு பக்கம் போவதுபோல வரிகளும் போகும். பேனாவை அழுத்திப் பிடிப்பதால் மறுபக்கத்திலும் எழுத்து தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயது வரை கைநாட்டு வைத்தவன் நான். இப்போது சென்னியப்பன் என்று முழுதாக எழுதிவிடுகிறேன். ஒருநாள் இதை நானே எழுத வேண்டிவரும் என்று தெரிந்திருந்தால் என் அப்பா இன்னும் சின்னதாக ஒரு பேர் வைத்திருப்பார்.

முதியோர் வகுப்பு ரெஜினா டீச்சர், "தாத்தா, தெனமும் நாலு வரி எழுதுங்க, சனிக்கிழமை கொண்டாங்க, திருத்தித் தர்றேன்" என்று சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தார். நாலு வரி எப்போதோ தாண்டிவிட்டது. நிறுத்த மனம் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் என் மகள் சாந்தாமணியின் வீட்டில் இருக்கிறேன். கோயம்புத்தூர், கணபதி பக்கம். வீட்டை ஒட்டி ஒரு ஷெட். உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின். வாசலில் 'ஈஸ்வர் இன்டஸ்ட்ரீஸ்' என்று போர்டு. ஈஸ்வரமூர்த்தி என் மாப்பிள்ளை. அவர் மேனேஜிங் டைரக்டர் என்று அவருடைய கார்டிலேயே போட்டிருக்கிறது. லேத் ஓட்டுவது சாந்தாமணி. மாப்பிள்ளைக்குத்தான் வேலை அதிகம். வெயிலில் அலைந்து ஒவ்வொரு பேக்கரியிலும் பார்ட்டிகளைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை டீதான் ஒரு மனிதர் குடிப்பார்? தொழில் என்றால் சும்மாவா?

ஒரு பம்ப் கம்பெனிக்கு நாங்கள் மோட்டார் தண்டு கடைந்து கொடுக்கிறோம். அந்தத் தண்டில் ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம், வெட்ட வேண்டும். அதற்கு மில்லிங் மிஷின் வேண்டும். எங்களிடம் இல்லை. வெளியே கொடுத்து வெட்டி வாங்கினால், மிஞ்சுவது காடி வெட்டிய தூள்தான். இப்போது கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்: சொந்தமாக மில்லிங் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இனி வேலை. அடுத்த புதன்கிழமை ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார்.

"இந்த ஆர்டர் நிக்கலீன்னா லேத்தை வித்துப்போட்டு ரியல் எஸ்டேட்ல எறங்கிர்றேன். பார்ட்னரு ரெடியா இருக்கறான்" என்றார் மாப்பிள்ளை.

சாந்தாமணி லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே ஒரு முறை துடைத்த லேத்.

ஆவணி 17, செவ்வாய்

இன்று 'மில்லிங்' என்று எழுதிப் பழகினேன். கை வலிக்கிறது.

ஆவணி 18, புதன்

உக்கடம் பக்கம் யூசுப் பாயின் யார்டுக்கு மூன்று பேரும் போனோம். பழைய மிஷின்கள் விற்கிறார். மில்லிங் மிஷின் இரண்டு இருந்தது. ஒன்றுக்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்து மினுமினு என்று வைத்திருந்தார்கள். இன்னொன்று ஓரமாக, துருவும் பழைய எண்ணெய்க் கறையுமாக நின்றது.

மாப்பிள்ளை நேராகப் பச்சையிடம் போனார். "இதுதான் மாமா நம்ம மிஷினு. ஷோரூம்ல இருந்து எறக்குன மாதிரி இல்லீங்?" என்று சொல்லி, அதன்மேல் சாய்ந்து நின்று என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பாதித் தலை வந்திருந்தது. மிஷின் முழுதாக வந்திருந்தது.

எனக்கு மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வாழ்நாள் முழுதும் மாட்டுத் தரகு பார்த்தவன். பழக்கத்தில் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். மிஷினுக்கு எது பின்பக்கம் என்றே பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. கொம்புக்கு எண்ணெய் பூசி, மேனிக்குச் சாயம் ஏற்றிக் கொண்டுவரும் மாட்டிடம் சந்தையில் நாங்கள் கொஞ்சம் தள்ளியே நிற்போம்.

சாந்தாமணி துருப்பிடித்த மிஷினின் கைப்பிடியைத் திருப்பினாள். அதன் இரும்பு மேசை நகர்ந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினாள். உடனே திரும்பி வந்தது. அப்புறம் பச்சையிடம் வந்து அதேபோலச் செய்தாள். கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் மேசை அசைந்தது. என்னைப் பார்த்தாள்.

"சாந்தா, நீ கொஞ்சம் அக்கட்டால நில்லு. லேடீஸ் வந்து மிஷினைத் திருகிப் பாத்தா பாய் நம்மளை என்னன்னு நெனப்பாரு?" என்றார் மாப்பிள்ளை.

"நான் ஒண்ணும் நெனக்கலீங்க" என்றார் பாய்.

"அது உங்க பெரிய மனசுங்க பாய்."

மாப்பிள்ளை சொன்னது நியாயம்தான். அந்நியர் ஒருவர் நம் வீட்டுப் பெண்ணைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவள் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

"மாப்ளை, வெலை பேசறதெல்லாம் உங்க லெவலுக்கு ஆகாதுங்க. அதைய நான் பாத்துக்கறேன்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். போன் பேச வெளியே போய்விட்டார்.

பாய் என் தோள் துண்டைப் பார்த்தார். "அய்யா சந்தைக்காரருங்களா? எங்க வாப்பாவும் மாடுதானுங்க."

அப்புறம் என்ன பேச்சு? துண்டை எடுத்துக் கைமேல் போட்டேன். டீச்சருக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்குக் கீழே கையைக் கோத்து, விரலைப் பிடித்தே பேசுவோம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு கையை எந்த மாட்டின் முதுகில் வைத்திருக்கிறோமோ அந்த மாட்டுக்குத்தான் பேச்சு.

நல்ல விலைக்கு முடிந்தது. எவ்வளவு என்று எழுத மாட்டேன். எழுதக் கற்றுக்கொண்டேன் என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா?

நெடுநேரம் நின்றதில் கால் கடுத்தது. பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்த துருப்பிடித்த மிஷின்மேல் இடக் கையை ஊன்றிக்கொண்டிருந்தேன். வயதானால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆவணி 19, வியாழன்

மாப்பிள்ளை பச்சை மிஷின் போட்டோவைப் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். 'நமது அடுத்த பாய்ச்சல்' என்று கீழே எழுதியிருக்கிறது. நானே படித்தேன். நிறைய பேர் இதயம் அனுப்பியிருக்கிறார்கள்.

சாந்தாமணி ஷெட்டில் மிஷின் நிற்கக் குழி வெட்டி சிமெண்ட் படுகை போட்டாள். மாப்பிள்ளை கூடவே நின்று, நிழல் மறைக்காத இடத்தில் நிற்கச் சொல்லி அவளையும் ஒரு போட்டோ எடுத்தார்.

ஆவணி 20, வெள்ளி

மழை. சிமெண்ட் காயவில்லை. ரியல் எஸ்டேட் பார்ட்னர் வந்து பார்த்துவிட்டு, தங்கள் தொழிலில் எதுவும் காய வேண்டியதில்லை என்று சொல்லிப் போனார்.

ஆவணி 21, சனி

வகுப்பில் டீச்சர் நோட்டைத் திருத்தித் தந்தார். ஓரத்தில் சிவப்பு மையில், "தாத்தா, எந்த மிஷினுக்கு விலை பேசினீர்கள்?" என்று எழுதியிருக்கிறார். இது பாடத்தில் இல்லாத கேள்வி.

பக்கத்து வீட்டு ஜெகநாதனின் குழந்தை தன்ஷிகாவுக்கு நாளை காது குத்து. தெருவை முழுக்க அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். எங்கள் மிஷின் லாரியும் நாளைக்குத்தான் வருகிறது. பாய்க்கு வேறு நாளில் கிரேன் கிடைக்கவில்லை. போய்ச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமை யாருங்க லோடு எறக்குவாங்க? பந்தலைப் பிரிக்க முடியாதுங்க பெரியவரே. எம் மச்சான் சீர் கொண்டாறான். ஊரே வாயைப் பொளக்கற மாதிரி இருக்கும்கறான். என்னன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டீங்கறான்" என்றார் ஜெகநாதன்.

அவர் மச்சான் தங்கமுத்து பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். குழந்தைக்குத் தாய்மாமன்.

ஆவணி 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத இந்த நோட்டு போதுமா என்று தெரியவில்லை.

காலையிலேயே யார்டுக்குப் போய் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பின்னால் மிஷின். மழைக்காக மஞ்சள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. மிஷின் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று பாய் ஒரு பெரிய செவ்வந்தி மாலையும் போட்டு அனுப்பினார். அதற்கும் பின்னால் கிரேன்.

எங்கள் தெரு முனையில் திரும்பியதுதான் தாமதம், ஜமாப் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடி என்றால் அப்படி ஓர் அடி. மைக்கில் ஒருவர் கத்தினார்: "இதோ! பாசமிகு தாய்மாமன் பல்லடம் தங்கமுத்து அவர்களின் சீர்வரிசை! லாரியிலே! கிரேன் சகிதமாக வந்துகொண்டிருக்கிறது!"

பெண்கள் ஆரத்தித் தட்டோடு லாரியை மறித்தார்கள். டிரைவருக்குத் திருநீறு பூசி, எனக்குப் பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்தார்கள்.

"உங்க வீட்டுல மிஷினுக்கு இவ்வளவு மரியாதைங்களா?" என்று டிரைவர் கண் கலங்கக் கேட்டார்.

நான் கற்கண்டைச் சாப்பிட்டேன். மரியாதை செய்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தவிர, அந்த ஜமாப் சத்தத்தில் நான் சொல்லி யார் காதில் விழப்போகிறது?

கிரேன்காரர் சொன்னதைக் கேட்டு வேலையை முடிக்கிறவர். பந்தல் வாசலில் இறக்கச் சொன்னார்கள், இறக்கினார். போட்டோக்காரர் தயாரானதும் தார்ப்பாயை உருவினார்கள்.

சத்தம் அடங்கிவிட்டது. துருப்பிடித்த மிஷின் மாலையோடு நின்றது.

"என்னுங்க இது?" என்றார் ஒரு பாட்டையா.

"மாவாட்டற மிஷினாட்ட இருக்குதுங்க. பெரிய சைசு."

"அட, எதா இருந்தா என்னுங்க? முச்சூடும் இரும்பு!"

மைக் பிடித்தவர் கெட்டிக்காரர். "இரும்பைப் போல உறுதியான தாய்மாமன் பாசம்!" என்றார். கைதட்டல் பறந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஓடிவந்தார். மிஷினைப் பார்த்தார். மைக் பக்கத்தில்தான் இருந்தது. "இது என்ற மிஷின் இல்லவே இல்ல! என்ற மிஷின் பச்சைக் கலரு!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சாந்தாமணி வெளியே வந்தாள். மிஷினைப் பார்த்தாள். என்னிடம் வந்தாள்.

"அப்பா, அன்னிக்குத் துண்டைப் போட்டப்போ இன்னொரு கையை எதுல வெச்சிருந்தீங்க?"

"ஞாபகமில்லை சாமி. வயசாச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. டிவியாக இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் நிஜமான தங்கமுத்து ஒரு டெம்போவில் வந்தார். பழத்தட்டு, வளையல், வெள்ளிக் கொலுசு, மூன்று சக்கர சைக்கிள். குறைவான சீர் இல்லை. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? "மச்சான், இத்தாப்பெருசா!" என்று ஜெகநாதன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தங்கமுத்துவின் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தங்கமுத்து மிஷினைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தன் சைக்கிளைப் பார்த்தார்.

"எல்லாம் புள்ளைக்குத்தானுங்களே" என்றார்.

மிஷின் மேசையிலேயே தாய்மாமன் உட்கார்ந்தார். மடியில் குழந்தை. காது குத்தும் ஆசாரி குனிய முடியாமல் தவித்தார். சாந்தாமணி போய் ஒரு கைப்பிடியைச் சுற்ற, தாய்மாமனும் குழந்தையும் மெதுவாக மேலே வந்து ஆசாரியின் கைக்கு நேராக நின்றார்கள். "இத்தன சௌரியமா நான் எங்கியும் குத்துனதில்லீங்க" என்றார் ஆசாரி. குழந்தை அழவே இல்லை. கைப்பிடியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

பந்தியில் நல்ல சாப்பாடு. கை கழுவிவிட்டு ஜெகநாதனிடம் போய், "மிஷினை உள்ள எடுத்துக்கறமுங்க" என்றேன்.

"எந்த மிஷினுங்க? உங்க மாப்ளையே மைக்குல சொன்னாருங்களே, அவரு மிஷின் இல்லைன்னு. வந்த சீரைத் திருப்பிக் குடுத்தா எங்க மானம் என்னுங்க ஆகறது?"

மாப்பிள்ளை பாய்க்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பாய் குரல் தெளிவாகக் கேட்டது: "அய்யா எதுமேல கை வெச்சாங்களோ அதையத்தானுங்க அனுப்புனேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பந்தலில் கட்டியிருந்த துணியில் 'அனைவரும் வருக' என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

ஆவணி 23, திங்கள்

பந்தலைப் பிரித்துவிட்டார்கள். மிஷின் தெருவில் தனியாக நிற்கிறது. ஜெகநாதன் அதற்கு ஒரு சைக்கிள் பூட்டுப் போட்டிருக்கிறார். இரண்டு டன் மிஷினை யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது பாருங்கள்.

"இது சகுனம் மாமா. சாமியே சொல்லுது, இரும்பு வேண்டாம், நெலத்துக்கு வான்னு. நாளைக்கு லேத்துக்குப் பார்ட்டி வருது" என்றார் மாப்பிள்ளை.

சாந்தாமணி காலையில் சாப்பிடவில்லை. "பசி இல்லீங்கப்பா" என்றாள். நாளை மறுநாள் ஆபீசர் வருகிறார். படுகை காய்ந்து, காலியாகக் கிடக்கிறது. அவள் அதில் விழுந்த சருகை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பல்லடத்தில் ஒரு வேலை இருந்தது. போர்டைப் படித்து நானே பஸ் ஏறினேன். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நடந்து திரும்பி வந்தேன்.

தங்கமுத்து பண்ணையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லீரலாம்னுதானுங்க வாயெடுத்தேன். எங்கக்கா சந்தோசத்துல அழுதுபோட்டாளுங்க. பத்து வருசமா அவங்க மாமியா என்ற சீரைக் கொறை சொல்லீட்டு இருந்தாங்க. நேத்துத்தான் வாயை மூடுனாங்க. இனி எப்படிங் இல்லைங்கறது?"

"நீங்க இல்லைங்க வேண்டாமுங்க. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். ஆனா ரெண்டு டன்னு. உங்க அக்கா வீட்டுல போன மாசந்தான் புது டைல்ஸ் ஒட்டுனாங்க. அதைய நெனச்சாத்தான் மனசு கேக்க மாட்டீங்குது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கோழிகள் மிரளும்படி சிரித்தார். திரும்பி வரும்போது இரண்டு அட்டை முட்டை கொடுத்தனுப்பினார்.

ஆவணி 24, செவ்வாய்

தங்கமுத்து காலையிலேயே பண்ணை ஆட்களோடும் இரும்புக் குழாய்களோடும் வந்துவிட்டார். வீட்டு வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார்: "மச்சான், எங்க வெக்கறது? ஹாலுக்கா, பூஜை ரூமுக்கா?"

"டைல்ஸு!" என்றாள் அவர் அக்கா உள்ளிருந்து.

"தெருவுல நின்னு துரு புடிச்சா எம் பேருதானக்கா கெடும்? இரும்பு ஓடீட்டே இருந்தாத் துரு புடிக்காது. பக்கத்து ஷெட்டுல ஓடட்டும். புள்ளை பேரைப் பெருசா எழுதி வெச்சுக்கலாம். ஒரம்பரைச் சனம் வந்தா கூட்டீட்டுப் போயிக் காட்டுங்க."

ஜெகநாதன் யோசித்தார். பேர் எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று கேட்டார். ஒரு முழம் என்றேன். பூட்டைக் கழற்றினார்.

மிஷினுக்கு அடியில் குழாய்களைப் போட்டு உருட்டினார்கள். பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் போடுவது, தள்ளுவது, மறுபடி எடுத்துப் போடுவது. ஷெட் வாசல் மேட்டில் மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். சாந்தாமணி மட்டும் கத்தாமல் ஒரு மரக்கட்டையைக் காலால் தள்ளிக் கீழே கொடுத்தாள். நின்றுவிட்டது. என் நெஞ்சு அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் சாய்ந்தே இருந்தது.

இதற்குள் லேத் வாங்க வந்த பார்ட்டி ஷெட்டுக்குள் மாப்பிள்ளையோடு விலை பேசிக்கொண்டிருந்தார். மிஷின் சரியாக வாசலில் வந்து நின்றதும், "அண்ணா, கொஞ்சம் இங்கியே நிக்கட்டுங்க. எல்லாரும் டீ குடிங்க" என்றாள் சாந்தாமணி.

வாசல் அடைந்துவிட்டது. இப்போது லேத் வெளியே போக வேண்டுமென்றால் மிஷின் வெளியே போக வேண்டும். பார்ட்டி வெளியே போக வேண்டுமென்றால் ஜன்னல்தான். அவர் கொஞ்சம் பருத்த ஆள். ஜன்னலில் இருந்து இறங்கியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் முனை திரும்பியதும் டீ முடிந்தது. மிஷினைப் படுகையில் ஏற்றிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்து லைன் கொடுத்தார்.

பேர் எழுத யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. நான் கையைத் தூக்கினேன். சிவப்புப் பெயிண்டில் நானே எழுதினேன்:

செல்வி ஜெ. தன்ஷிகா காதணி விழா அன்பளிப்பு
தாய்மாமன் தங்கமுத்து, பல்லடம்

சாயங்காலம் முழுதும் ஆயிற்று. 'பல்லடம்' மட்டும் இடம் போதாமல் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. முன்னால் நின்று படிக்கிறவர்கள் இரண்டு எட்டு நகர வேண்டும். ஜெகநாதன் நகர்ந்து படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார். என் வாழ்நாளில் நான் எழுதியதை ஒருவர் நின்று படித்தது இதுதான் முதல் தடவை.

ஆவணி 25, புதன்

ஆபீசர் வந்தார். சின்ன வயதுப் பையன்தான். கையில் ஒரு அட்டை, அதில் ஒரு தாள், காலில் பெரிய பூட்ஸ். மாப்பிள்ளை கோட்டுப் போட்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது.

ஆபீசர் முதலில் தீயணைப்பு வாளியைப் பார்த்தார். வாளியில் மணல் இருக்கிறதா என்று பார்த்தார். மணல் காய்ந்த மணலா என்று பார்த்தார். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தார். கடைசியாக மிஷினிடம் வந்தார். படித்தார். இரண்டு எட்டு நகர்ந்தும் படித்தார்.

"யாருங்க இந்தத் தன்ஷிகா?"

"டைரக்டருங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

"பார்க்கலாமா?"

"தூங்கீட்டு இருக்காங்க சார்."

"நைட் ஷிப்ட்டா?"

"ஆமாங்க சார். நைட்டெல்லாம் முழிச்சுட்டுத்தான் இருப்பாங்க."

ஆபீசர் குறித்துக்கொண்டார். "டெடிகேஷன்" என்றார். அது என்ன என்று தெரியவில்லை. நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும். "சரி, ஒரு காடி வெட்டிக் காட்டுங்க."

மாப்பிள்ளை மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கம்பீரமாக, "ஆபரேட்டர்!" என்று கூப்பிட்டார்.

லேத்தடியில் இருந்து சாந்தாமணி வந்தாள். தண்டை மேசையில் வைத்து இறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். லேத்தில் இரும்பு சுற்றும், கத்தி நிற்கும். இதில் கத்தி சுற்றுகிறது, இரும்பு நகர்ந்து போய்க் கொடுக்கிறது. இன்றுதான் பார்த்தேன். எண்ணெய் புகைந்தது. நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. இது சரியாக வராவிட்டால் அந்த லேத்தையும் அவள் நாளைக்கு யாருக்கோ துடைத்துக் கொடுக்க வேண்டும்.

நிறுத்தினாள். காடியைத் துடைத்து, அதில் பொருந்த வேண்டிய சாவிக்கட்டை என்ற இரும்புத் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். உட்கார்ந்துகொண்டது. தண்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். விழவில்லை.

"சூப்பருங்க" என்றார் ஆபீசர். "இவங்க எத்தனை வருஷமா வேலை பாக்கறாங்க?"

"பதினேழு வருசமுங்க சார்."

"சம்பளம்?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "சார், இவங்க என்ற வீட்டுக்காரம்மா."

"அது வீட்டுல. இங்க இவங்கதான் ஆபரேட்டர். முறையா வேலைக்கு வெச்சதாக் காட்டணும். நாளைக்குக் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்கன்னா எங்க பம்ப் நின்னுடும் இல்லையா?"

"எங்கியும் போக மாட்டாங்க சார்."

ஆபீசர் அவளிடமே கேட்டார். "போக மாட்டீங்களாம்மா?"

சாந்தாமணி பஞ்சு வேஸ்ட்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "அதைய இன்னும் பேசி முடிக்கலீங்க சார்" என்றாள்.

ஆபீசரின் பேனா தாளுக்கு மேல் நின்றது. மாப்பிள்ளை பேனாவையே பார்த்தார்.

"லேத்தையோ மில்லிங்கையோ விக்கறதுன்னா எங்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் விக்கோணும். சம்பளம் ஒண்ணாந் தேதி. வேலை காலைல ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும். மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம்" என்றாள். பஞ்சு வேஸ்ட்டைக் கீழே வைத்தாள். "சோறாக்கறது ஆபரேட்டர் வேலைல சேருமுங்களா சார்?"

ஆபீசர் தாளைப் புரட்டி நிஜமாகவே தேடிப் பார்த்தார். "இல்லைம்மா. அது அட்மின்ல வரும்."

"அட்மின் யாருங்க சார்?"

ஆபீசர் மாப்பிள்ளையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோட்டு முழுதும் நனைந்திருந்தது.

"சரிங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

"யார்கிட்டச் சொல்றீங்க?"

"சரிங்க" என்று சாந்தாமணியிடம் சொன்னார். அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது இன்றுதான்.

ஆபீசர் தாளில் கடைசி வரை டிக் போட்டுக்கொண்டே போனார்.

ஆவணி 26, வியாழன்

கம்பெனி ஆட்டோ வந்து முதல் லோடு தண்டுகளை இறக்கிவிட்டுப் போயிற்று. காலை ஒன்பது மணிக்கு ஆபரேட்டர் வேலைக்கு வந்தார். ஒரு மணிக்கு சுவிட்சை அணைத்து, கை கழுவி, சமையலறைக்கு வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையைப் பற்றி எவ்வளவு உயர்வாக எழுதினாலும் தகும். தொழிலாளிக்கு இத்தனை வசதி செய்து கொடுக்கும் முதலாளி இந்த வட்டாரத்தில் இல்லை. பேக்கரிக்குக்கூடப் போகவில்லை. காலையிலிருந்து அடுப்படியில்தான் நிற்கிறார்.

"சாந்தா, கடுகு மொதல்லயா, எண்ணெய் மொதல்லயா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"நான் சாப்பாட்டு நேரத்துல இருக்கறனுங்க" என்றாள் சாந்தாமணி.

மணி இப்போது ஒன்றே முக்கால். ஏதோ தீய்கிற வாசனை வருகிறது. பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சாந்தாமணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். தூங்கவில்லை. உதடு சிரித்துக்கொண்டிருக்கிறது.

சாப்பிடக் கூப்பிடுகிறார். டீச்சர், இந்த வாரத்துக்கு இத்தோடு பேனாவை வைக்கிறேன். எழுந்து உட்காரும் தெம்பு இருந்தால் அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். தெம்பு இல்லாவிட்டாலும் படுத்துக்கொண்டே எழுதுவேன். அட்மின் வைத்த குழம்பு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?